மூன்று சிப் வேலையை ஒரு சிப்பில் முடிப்பது எப்படி?

ஹட்டனில் உயர்தரப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். பூலியன் விதிகளை (ஆம், இல்லை என்ற இரண்டை மட்டும் வைத்துக் கணக்கிடும் அட்சரகணிதத்தின் விதிகளை) ஒன்றுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு கோவையைக் கொடுத்துச் சுருக்கச் சொன்னால் மட்டும் பேனாவைக் கடிப்பார்கள். அதனால் விதிப்பட்டியலை மூடச் சொல்லிவிட்டு ஒரு வேலையைக் கொடுப்பேன்.

தேயிலை பெக்டரி ட்ரையருக்கு எச்சரிக்கை மணி வேண்டும். சூடு எல்லை தாண்டினால் அடிக்க வேண்டும். தாண்டாவிட்டாலும், விசிறி நின்றுபோய் அடுப்பு எரிந்துகொண்டிருந்தால் அடிக்க வேண்டும். சூடு தாண்டியது ‘சூ’, விசிறி நின்றது ‘நி’, அடுப்பு எரிவது ‘எ’. ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. கூட்டல் குறி ‘அல்லது’, புள்ளி ‘மற்றும்’, எழுத்தின் வலப்பக்கம் மேலே சிறு கோடு (′) போட்டால் எதிர்மறை. சொன்னதை அப்படியே எழுதினால்:

மணி = சூ + சூ′·நி·எ

முதலில் உண்மை அட்டவணை, அதாவது 0, 1 இன் ஒவ்வொரு சேர்க்கைக்கும் விடை என்ன என்று காட்டும் பட்டியல். மூன்று மாறிகள், ஆகவே 8 வரிகள். சூ, நி, எ என்ற ஒழுங்கில் 000 இலிருந்து 111 வரை இரும எண் வரிசையிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் ஒரு வரி எங்காவது தொலைந்துவிடும். மணி 5 வரிகளில் 1 ஆகும்: 011, அப்புறம் சூ 1 ஆக இருக்கும் நான்கும்.

இப்போது சுருக்கலாம். பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். பள்ளிக்கூட அட்சரகணிதத்தில் பெருக்கல்தான் கூட்டலுக்குள் பங்கிடப்படும். பூலியனில் கூட்டலும் பெருக்கலுக்குள் பங்கிடப்படும்:

சூ + சூ′·நி·எ = (சூ + சூ′)·(சூ + நி·எ) = 1·(சூ + நி·எ) = சூ + நி·எ

நம்பிக்கை வராவிட்டால் பெக்டரியை நினையுங்கள். சூடு தாண்டினால் மணி எப்படியும் அடிக்கும். பிறகு ‘சூடு தாண்டாதபோது’ என்று தனியாகக் காவல் போடுவது எதற்கு?

1854 இல் ஜோர்ஜ் பூல் சிந்தனையின் விதிகளை ஆராய எழுதிய கணிதம் இது. 1937 இல் கிளாட் ஷனன் இதையே ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளுக்குப் பொருத்திக் காட்டினார். நமக்கு லாபம் சிப்பில் தெரியும். பழைய கோவைக்கு 7404 (எதிர்மறை), 7408 (மற்றும்), 7432 (அல்லது) என மூன்று சிப். புதியதற்கு 7404 வேண்டாம், இரண்டு போதும்.

இரண்டையும் ஒன்றாக்க, ‘அல்லது’ என்பதை ‘மற்றும்’, எதிர்மறை இரண்டாலும் எழுதும் டி மோர்கன் விதி:

சூ + நி·எ = (சூ′·(நி·எ)′)′

மூன்று நான்ட் படலைகள்தான் (‘மற்றும்’ செய்து விடையை எதிர்மறையாக்கும் சுற்றுகள்). 74எச்சி00 (74HC00) சிப் ஒன்றில் நான்கு இருக்கின்றன. பின் 14 க்கு 5 வோல்ட், பின் 7 பூமி. நி, எ இரண்டையும் 1, 2 க்குக் கொடுங்கள். சூ வை 4, 5 இரண்டுக்கும் சேர்த்துக் கொடுங்கள், அது சூ′ ஆகிவிடும். 3 இலிருந்து 9 க்கும், 6 இலிருந்து 10 க்கும் வயர் போடுங்கள். பின் 8 இல் 1 கிலோ ஓம் தடை வழியாக ஒரு எல்ஈடி. மீந்த படலையின் 12, 13 ஐப் பூமியோடு சேருங்கள். ஒவ்வொரு உள்ளீட்டிலிருந்தும் பூமிக்கு 10 கிலோ ஓம் தடை கட்டாயம், சுவிட்ச் அதை 5 வோல்ட்டுக்கு இழுக்கும். (நிஜ ட்ரையருக்கு இதை மாட்டிவிடாதீர்கள், பிரெட்போட்டோடு, அதாவது வயர் செருகிப் பழகும் பலகையோடு சரி.)

இனி அட்டவணையின் 8 வரிகளையும் சுவிட்சால் ஓட்டிப் பாருங்கள். 100, 101, 110 இல் மட்டும் எல்ஈடி எரிவதும் அணைவதுமாக விளையாடினால், 5 ஆம் பின் 4 ஆம் பின்னோடு சேராமல் தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள்.