குறுநீர்க் கன்னல்: நாலு அடியில் அசை, எதுகை, மோனை

சங்க நூலான முல்லைப்பாட்டின் 103 அடிகளில், 55 முதல் 58 வரை நாழிகைக் கணக்கர் வருகிறார்கள். பாசறையில் அரசனைத் தொழுது, கன்னல் என்னும் நீர்க்கடிகாரம் காட்டும் நாழிகையைச் சொல்பவர்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். யாப்பு, அதாவது செய்யுள் இலக்கணம், படிக்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல பகுதி கிடைப்பது அரிது.

பொழுதளந் தறியும் பொய்யா மாக்கள்
தொழுதுகாண் கையர் தோன்ற வாழ்த்தி
எறிநீர் வையகம் வெலீஇய செல்வோய்நின்
குறுநீர்க் கன்னல் இனைத்தென் றிசைப்ப

முதலில் பாடம். சந்தி பிரிக்காத பதிப்பையே எடுங்கள். பொருள் விளங்கட்டும் என்று "பொழுது அளந்து அறியும்" எனப் பிரித்து அச்சிட்டிருந்தால் நாலு சீர் (அடியின் ஓசைப் பிரிவு) ஐந்தாகிவிடும். இது ஆசிரியப்பா, அடிக்கு நாலு சீர்தான். தொடக்கக்காரர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்து அசை, சீருக்குள் இருக்கும் ஓசைத் துண்டு. குறிலோ நெடிலோ தனித்து, அல்லது ஒற்றோடு (புள்ளி எழுத்தோடு) வந்தால் நேர். இரண்டு குறிலோ, குறிலும் நெடிலுமோ சேர்ந்து வந்தால் நிரை. பின்னால் ஒற்று வந்தாலும் நிரைதான். அசைகள் சேரும் விதத்துக்கு வாய்பாடு உண்டு: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். அதை நம்மூர்ப் பெயர்களில் பழகலாம்: நெல்லை தேமா, பொருநை புளிமா, வள்ளியூர் கூவிளம், சிவகிரி கருவிளம். இப்போது முதலடி: பொழு/தளந் கருவிளம், தறி/யும் புளிமா, பொய்/யா தேமா, மாக்/கள் தேமா.

மூன்றாம் அடியில் கவனம் வேண்டும். "வெலீஇய" என்பதில் உள்ள இகரம் அளபெடை, ஓசையை நீட்ட வந்த எழுத்து. அதை விழுங்கினால் புளிமா ஆகிவிடும். வெலீ/இய என்று பிரித்தால்தான் கருவிளம். செல்/வோய்/நின் மூவசை, நேர் நேர் நேர், தேமாங்காய். ஆசிரியப்பாவில் இப்படி நேரில் முடியும் மூவசைச் சீர், அதாவது காய்ச்சீர், கலக்கலாம், பயப்பட வேண்டாம்.

எதுகை. அடிகளின் இரண்டாம் எழுத்தைப் பாருங்கள். பொழுது, தொழுது இரண்டிலும் "ழு". எறிநீர், குறுநீர் என்பவற்றில் றகரம் ஒன்று, உயிர் வேறு. மெய் ஒன்றி உயிர் மாறும் இது வருக்க எதுகை. முதலெழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். நாலு அடியிலும் குறில்தான்.

மோனை. இங்கே சீர்களின் முதலெழுத்தைப் பாருங்கள். பொழுதளந், பொய்யா: முதல் சீரும் மூன்றாம் சீரும் ஒன்றுவதால் பொழிப்பு மோனை. தொழுதுகாண், தோன்ற என்பதும் அப்படியே, ஒகரமும் ஓகாரமும் ஓரினம். குறுநீர்க், கன்னல் காதுக்கு இனிது. ஆனால் உகரமும் அகரமும் ஓரினமல்ல, ஆகவே வருக்க மோனை மட்டுமே.

கடைசி அடியை நீங்களே அலகிடுங்கள், அதாவது அசை பிரித்துப் பாருங்கள். புளிமா, தேமா, புளிமா, புளிமா என்று வர வேண்டும். "றிசைப்ப" தேமாங்காய் என்று வந்தால், றகரத்துக் குறிலைத் தனியே நிறுத்தியிருப்பீர்கள். அதை அடுத்து வரும் "சைப்" என்பதோடு சேருங்கள்.