வீட்டு வாசலில் வேன் நிறுத்துவதற்கு முன்: வேலூர்க்காரர்களுக்கு ஒரு கணக்கு

வேலூர் தெருக்களில் ட்ராவலர் வேனும் டாடா ஏஸ் குட்டி லாரியும் இவ்வளவு நிற்பதற்குக் காரணம் ஊருக்கே தெரியும். சி.எம்.சி. மருத்துவமனைக்கு வரும் வெளிமாநில நோயாளிகள், ஸ்ரீபுரம் பொற்கோயில் சவாரி, காட்பாடி ஜங்ஷன், கல்லூரிப் பிள்ளைகள். வண்டி வாங்கும்போது லோனையும் பெர்மிட்டையும் நன்றாக விசாரிக்கிறோம். ராத்திரி எங்கே நிறுத்துவது என்ற யோசனை மட்டும் டெலிவரி எடுத்த அன்று சாயங்காலம்தான் வருகிறது.

அமெரிக்க ஊர்களில் பல, படகையும் கேரவனையும் வீட்டின் முன்பக்கம் நிறுத்தலாமா, எத்தனை அடி நீளம் வரை என்று நிலப் பயன்பாட்டு (ஜோனிங்) விதியிலேயே எழுதி வைத்திருக்கின்றன. நம் ஊரில் அப்படி ஒரே சட்டத்தைத் தேடினால் கிடைக்காது. காம்பவுண்டுக்கு உள்ளே 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். வெளியே மோட்டார் வாகனச் சட்டமும் மாநகராட்சியும். கேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை வைத்தே எல்லாம் முடிவாகிறது.

முதலில் டேப்பை எடுங்கள். விதிப்படி ஒரு கார் நிறுத்தும் இடம் 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டேகால் அடிக்குப் பதினாறரை அடி. பிளானில் ‘கார் பார்க்கிங்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் இந்த அளவுதான். டாடா ஏஸ் 3.8 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், தாராளமாக அடங்கும். நீள வகை ட்ராவலர் ஏழு மீட்டரை ஒட்டி, 23 அடி வரும். அதைக் கார் இடத்தில் விட்டால் ஆறு ஆறரை அடி மூக்கு தெருவில் நிற்கும். கேட்டைச் சாத்த முடியாத வண்டியை ‘உள்ளே நிறுத்திய வண்டி’ என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

வாங்கும் முன்பே உங்கள் மாடலின் நீள அகலத்தைத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். டிரைவர் கதவு திறக்க ஒரு பக்கம் இரண்டரை அடி விடுங்கள். 23 அடித் தெருவில் ட்ராவலர் திரும்பி உள்ளே வர, 10 அடி கேட் போதாது. 12 அடியாவது வேண்டும். எதிர்வீட்டுக்காரர் கார் நிறுத்தியிருக்கும் நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். காலித் தெருவில் எல்லா வண்டியும் திரும்பும். கேட் தெருப்பக்கம் திறக்கக் கூடாது. உள்ளே மடங்க இடமில்லை என்றால் ஸ்லைடிங் கேட் போடுங்கள்.

அடுத்து உயரம். ஏமாறுவது இங்கேதான். போர்ட்டிகோ சிலாப் 10 அடியில் இருக்கும், ஆனால் முன் பீம் முக்கால் அடி கீழே இறங்கியிருக்கும். மிச்சம் ஒன்பதேகால் அடி. ட்ராவலர் எட்டே முக்கால் அடி என்றால் போகும் என்று தோன்றும். மேலே அரை அடி கேரியர் வைத்தால் பீமை உரசும். இன்னொன்றும் உண்டு: ஆள் நிறைந்திருக்கும்போது ஸ்பிரிங் பட்டை அமுங்கி வண்டி தாழ்ந்திருக்கும். சவாரியை இறக்கிவிட்டு வந்தால் ஓரிரு அங்குலம் எழும்பி நிற்கும். ஆகவே காலி வண்டியை வைத்து அளக்க வேண்டும். பீமுக்கும் வண்டிக்கும் நடுவே அரை அடி இல்லாவிட்டால் கேரியரைக் கழற்றுங்கள், இல்லை வண்டியை வெட்டவெளியில் விடுங்கள். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் இ.பி. சர்வீஸ் ஒயர் கேட்டுக்கு மேல் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தாழ்ந்திருந்தால் மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்து உயர்த்தச் சொல்லுங்கள். குச்சியால் தூக்கிப் பிடித்து வண்டியை விடும் வேலை வேண்டாம்.

இனி, தெருவெங்கும் சண்டையைக் கிளப்பும் சாய்தளம். ஒவ்வொரு தடவை ரோடு போடும்போதும் தெரு உயர்கிறது, நாமும் தண்ணீர் வராமல் இருக்க போர்ட்டிகோ தரையை உயர்த்துகிறோம். தரை ரோட்டைவிட ஒன்றரை அடி மேலே என்றால், எட்டடிக்கு ஓர் அடி ஏற்றம் என்ற கணக்கில் 12 அடி நீளச் சரிவு தேவை. உள்ளே இடம் இருக்காது; கான்கிரீட்டைக் கால்வாய் மேலே கொட்டித் தெருவுக்குள் நீட்டிவிடுவோம். அது மாநகராட்சி இடம். கால்வாய் அடைத்து முதல் மழையில் நான்கு வீட்டுக்குத் தண்ணீர் புகுந்தால், ஜே.சி.பி. முதலில் உடைப்பது அதைத்தான். சரிவின் நீளத்தைக் குறைத்துக் குட்டையாகப் போட்டாலும் பயனில்லை: ட்ராவலரின் வால் பகுதி பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டிருப்பதால் ஏறும்போது ரோட்டில் இடிக்கும்.

வழி இது. வீட்டின் தரை உயரமாக இருக்கட்டும், வண்டி நிற்கும் தரையை மட்டும் ரோட்டிலிருந்து அரை அடிக்குள் வையுங்கள். நாலடிச் சரிவு போதும். அது கேட்டுக்கு உள்ளேயே முடிந்துவிடும். தலைக்கு மேலும் ஓர் அடி இடம் மிச்சம். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க கேட் ஓரம் குறுக்கே ஒரு சிறு வாய்க்கால் வெட்டி, மேலே இரும்புக் கம்பிச் சட்டம் போடுங்கள். தெருக் கால்வாயைத் தாண்டவும், தூய்மைப் பணியாளர் தூக்கி எடுக்கக்கூடிய கிராதிதான் நல்லது. அதையும் வார்டு அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

தரைக்கு அடியில் சம்ப் இருக்கிறதா? இங்கே பெரும்பாலான வீடுகளில் அது போர்ட்டிகோவுக்குக் கீழேதான். நாலு, ஐந்து அங்குல மூடி சிலாப் ஆள் நடக்கப் போட்டது. பெரிய ட்ராவலர் காலியாகவே இரண்டரை டன்னுக்கு மேல் இருக்கும். பின்சக்கரம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அடியில் விரிசல் விட்டு, கம்பி துருப்பிடித்து, ஒருநாள் இறங்கும். சம்ப்புக்குள் டார்ச் அடித்து சிலாப்பின் அடிப்பாகத்தைப் பாருங்கள். துருக்கறை தெரிந்தால் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். செப்டிக் டேங்க் மேல் எந்த வண்டியும் வேண்டாம்.

வெயிலுக்காக முன்பக்கம் ஜி.ஐ. பைப் நட்டு ஷீட் போடுவது வழக்கம். கத்திரி வெயிலில் அதன் அருமை புரியும், மறுக்கவில்லை. ஆனால் காலியாக விட வேண்டிய இடத்தில் நிரந்தரக் கூரை போட்டால் அது பிளான் மீறல். 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம் 56, 57-ஆம் பிரிவுகளில் நோட்டீஸ் வர அது போதும். சுருட்டி எடுக்கும் தார்ப்பாய் மலிவு, வம்பும் இல்லை.

வெளியே நிறுத்தியே ஆக வேண்டுமா? மோட்டார் வாகனச் சட்டம் 127-ஆம் பிரிவு: பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ ஆளில்லாமல் நின்ற வண்டியைப் போலீஸ் இழுத்துச் செல்லலாம், சக்கரத்தைப் பூட்டலாம். ராத்திரி ஒன்பதுக்கு விட்டுக் காலை ஏழுக்கு எடுத்தால் கணக்குச் சரியாகிவிட்டது! போக்குவரத்தை மறித்தால் 201-ஆம் பிரிவில் 500 ரூபாய் வரை அபராதம், இழுத்த கூலி தனி. அடுத்த வீட்டு வாசல், நடைபாதை, வளைவு, ஏற்கெனவே நிற்கும் வண்டியின் பக்கவாட்டு, எதிலும் நிறுத்தக் கூடாது. சத்துவாச்சாரிப் பக்கம் சர்வீஸ் ரோட்டைச் சொந்த ஷெட்டாக நினைப்பவர்கள் கவனிக்க: அது தேசிய நெடுஞ்சாலை நிலம். லேஅவுட்டில் பூங்காவுக்கென்று விட்ட மனையும் ஸ்டாண்ட் அல்ல.

வண்டியை நிறுத்துவது வேறு, வீட்டிலேயே தொழில் நடத்துவது வேறு. தினமும் நாலு வண்டி கழுவுவது, பழுது பார்ப்பது, ட்ராவல்ஸ் போர்டு மாட்டி புக்கிங் எடுப்பது எல்லாம் பயன்பாட்டு மாற்றம். வீட்டு மின் இணைப்பில் கம்ப்ரசர் ஓட்டினால், 2003 மின்சாரச் சட்டம் 126-ஆம் பிரிவில் உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு போட்டுவிடுவார்கள். பக்கத்து வீட்டார் புகார் பெரும்பாலும் கழுவும் தண்ணீரில்தான் ஆரம்பிக்கும்.

அபார்ட்மென்ட் என்றால் பத்திரத்தையும் சங்க விதியையும் படியுங்கள். திறந்தவெளி பார்க்கிங்கும் தூண்தள (ஸ்டில்ட்) பார்க்கிங்கும் பொது இடம், பில்டர் தனியாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொல்லிவிட்டது. ‘பில்டர் கொடுத்தார்’ என்ற வாய்மொழியை நம்பி வேன் வாங்காதீர்கள்.

கேரவன் ஆசைக்காரர்களுக்கு: சொந்த உபயோகக் கேம்பர் வேன் போக்குவரத்து அல்லாத வகையில் பதிவாகும். பழைய ட்ராவலரை வாங்கிக் கட்டில், சிங்க் வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்; இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிரிக்கும். வீட்டில் நிற்கும்போது கேஸ் சிலிண்டரை இறக்கிவிடுங்கள், கழிவுத் தொட்டியைக் காலி செய்யுங்கள். படகு? பாலாற்றில் தண்ணீரைப் பார்ப்பதே விசேஷம். ஏரிக்கென்று வைத்திருந்தாலும், இழுத்துப்போகும் ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும்.

உங்கள் வாசலை இன்னொருவர் வேன் மறித்தால், வண்டி எண்ணும் உங்கள் கேட்டும் ஒரே படத்தில் தெரிய, நேரத்தோடு இரண்டு மூன்று நாள் போட்டோ எடுங்கள். தெரு, கால்வாய் விவகாரம் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் மனு. வண்டி மட்டும் என்றால் போக்குவரத்துக் காவல். இரண்டும் அசையாவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100-க்குப் போன் போட்டு, மனு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.