ஃபைபர் படகின் தடிமன்: கணக்கு எங்கே பிசகுகிறது?

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளில் கட்டுமரங்களின் இடத்தை ஃபைபர் படகுகள் பெருமளவு பிடித்துக்கொண்டன. கண்ணாடி இழையும், அதை நனைத்து இறுகும் பிசினான ரெசினும் நன்கு பழகிப்போன பொருள்களாகிவிட்டன. ஆனாலும் ‘நான்கு மேட், மூன்று ரோவிங் போட்டால் எத்தனை மில்லிமீட்டர் நிற்கும்?’ என்று கேட்டுப் பாருங்கள். (மேட் என்பது வெட்டிய இழைகளைப் பரப்பிய விரிப்பு, ரோவிங் என்பது தடித்த இழைக்கற்றைகளால் நெய்த துணி.) ஆளுக்கொரு விடை வரும். இந்தக் கேள்விக்குக் காகிதத்திலேயே விடை காண முடியும். அதற்குத் தடையாக நிற்பவை சில பழக்கமான பிழைகள்தான்.

முதல் பிழை, உலர்ந்த துணியை வெர்னியரில் பிடித்து அளந்து, அடுக்குகளின் எண்ணிக்கையால் பெருக்குவது. விரல் பட்டாலே அமுங்கும் மேட்டுக்கு எந்தத் தடிமனைச் சொல்வது? மாறாமல் நம் கையில் இருப்பது அதன் எடை மட்டுமே. பெயரே அதைத்தான் சொல்கிறது: 450 மேட் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 450 கிராம்.

எடையிலிருந்து தடிமனுக்குப் போக ஒரு படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஒரு சதுர மீட்டர் தட்டில் ஒரு லிட்டர் தண்ணீரை ஊற்றினால் அது ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். இழைக்கும் ரெசினுக்கும் இதே கணக்குதான். கண்ணாடி இழை லிட்டருக்கு ஏறக்குறைய 2.56 கிலோ. அப்படியென்றால் 450 கிராம் இழையின் பங்கு வெறும் 0.18 மி.மீ. கையால் ரோலர் ஓட்டிப் போடும் மேட்டில் மொத்த எடையில் இழை 30 சதவீதம் இருக்கும். மீதி 1,050 கிராமும் ரெசின். இறுகிய பாலியெஸ்டர் ரெசின் லிட்டருக்கு 1.2 கிலோ, ஆகவே ரெசினின் பங்கு 0.88 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 1.05 மி.மீ. ‘ஒரு 450 மேட், ஒரு மில்லிமீட்டர்’ என்று பட்டறைகளில் வாய்ப்பாடாகச் சொல்வது இப்படித்தான் பிறக்கிறது. 610 ரோவிங்கில் இழையும் ரெசினும் சரிபாதி எடை என்று வைத்தால் 0.75 மி.மீ. வருகிறது. நான்கு மேட், மூன்று ரோவிங்: ஏறத்தாழ 6.4 மி.மீ.

இங்கேதான் படித்தவர்களும் சறுக்கும் இடம் இருக்கிறது. பாடநூலில் உள்ள சூத்திரம் இழையின் கன அளவு விகிதத்தைக் கேட்கும்; இழையின் பங்கான 0.18 மி.மீ.-ஐ அந்த விகிதத்தால் வகுத்தால் மொத்தத் தடிமன் வரும். கையில் இருப்பதோ எடை விகிதம். 30 சதவீத எடை என்பது கன அளவில் 17 சதவீதம்தான். 30 என்பதையே சூத்திரத்தில் போட்டால் ஒரு மேட் 0.59 மி.மீ. என்று விடை வரும். உண்மையில் நிற்பதில் பாதிக்குச் சற்றே மேல். அதை நம்பி அடுக்குகளைக் கூட்டினால், தேவைக்கு மிஞ்சிய எடையைச் சுமந்துகொண்டுதான் படகு கடலுக்குப் போகும். இன்னொன்று, டப்பாவில் திரவமாக இருக்கும் ரெசினின் அடர்த்தியைக் கணக்கில் எடுப்பது. திரவம் 1.1 அளவில் இருந்து இறுகும்போது சுருங்கி 1.2 ஆகிறது. இதைக் கவனிக்காவிட்டால் விடை ஏழெட்டு சதவீதம் கூடுதலாக வரும்.

வாய்ப்பாடு ஒரு கைக்கு மட்டுமே பொருந்தும். ஒரு பங்கு மேட்டுக்கு இரண்டு பங்கு ரெசின் ஊற்றுபவரிடம் அதே 450 மேட் 0.93 மி.மீ. நிற்கும், மூன்று பங்கு ஊற்றுபவரிடம் 1.3 மி.மீ. இரண்டாமவர் படகை வெர்னியரில் பிடித்தால் தடிமன் திருப்தியாகத் தெரியும். இழுவையைத் தாங்குவது இழை, அது ஒரு கிராம்கூடக் கூடவில்லை. ரெசினால் வந்த தடிமனைப் பலம் என்று எண்ணிவிடாதீர்கள்; இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

இதற்கு நேர் எதிரான பிழையையும் நான் கண்ணால் கண்டேன். கையால் போட்டுப் பழகிய ஒரு பட்டறையில் வாக்குவம் முறைக்கு மாறினார்கள். தளத்தின் மூடிக்கு வழக்கம்போல் ஐந்து 610 ரோவிங். பழைய முறையில் 3.7 மி.மீ. நின்ற பலகை, காற்றை உறிஞ்சி ரெசினை இழுத்தபோது 2.4 மி.மீ. ஆனது. பளபளப்பாக, குமிழியே இல்லாமல் வந்த அழகான பலகை. ஒருவர் ஏறி நின்றதும் குதிகாலுக்குக் கீழே தொய்ந்தது. இழை குறையவில்லை, இழுவைப் பலமும் குறையவில்லை. ஆனால் வளையாமல் நிற்கும் விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. இழை நெருங்கியதால் பொருள் ஒன்றரை மடங்கு விறைப்பாகியும்கூட, பலகையின் மொத்த விறைப்பு பழையதில் பாதியைத் தொடவில்லை. முறை மாறினால் அடுக்குகளின் எண்ணிக்கையையும் மறுபடி கணக்கிட வேண்டும், அல்லது நடுவில் ஃபோம் வைக்க வேண்டும்.

இழை மாறினாலும் அப்படியே. கார்பன் இழையின் அடர்த்தி லிட்டருக்கு 1.8 கிலோ மட்டுமே. கன அளவில் பாதி இழை என்று வைத்தால் 600 கிராம் கண்ணாடித் துணி 0.47 மி.மீ. நிற்கும் இடத்தில் 600 கிராம் கார்பன் 0.67 மி.மீ. நிற்கும்.

அளக்கும் இடத்திலும் ஏமாறலாம். ஓரம், மேட்டும் மேட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இணைப்பு, ரெசின் தேங்கும் அடிமூலை ஆகியவை படகின் தடிமனைச் சொல்லாது. இழையில்லாத வெளிப்பூச்சான ஜெல் கோட் அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும். அதைக் கழித்துவிட்டுத்தான் மீதியைப் பேச வேண்டும்.

கணக்கு சரியா என்று பார்க்கச் சிறந்த சாட்சி, குழாய் பொருத்தத் துளையிடும்போது கழன்று விழும் வட்டத் துண்டு. அதைக் குப்பையில் போடாதீர்கள். ஜெல் கோட்டைத் தேய்த்து எடுத்துவிட்டு எடை போட்டு, ஆய்வக உலையில் 565 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்தால் ரெசின் முழுவதும் எரிந்துபோகும். மிஞ்சுவது வெள்ளை வெளேரென்ற கண்ணாடி. அதை மறுபடி எடை போட்டால் உங்கள் பட்டறையின் உண்மையான விகிதம் கிடைத்துவிடும். பிறகு ஒரு இடுக்கியால் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணலாம்: மேட், ரோவிங், மேட், ரோவிங்.