இயோசினோபில் ஆஸ்துமாவுக்கு உயிரியல் ஊசி: தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

இரத்தப் பரிசோதனையில் இயோசினோபில் சற்றுக் கூடியிருந்தாலே "ஈஸ்னோபீலியா இருக்கிறது" என்று சொல்லிவிடுவது சென்னையில் நெடுநாள் வழக்கம். அது நோயின் பெயர் அன்று. ஒரு வகை வெள்ளணு பெருகியிருக்கிறது என்ற செய்தி மட்டுமே. அதைப் பெருக்கும் புரதங்களைத் தடுக்கும் 'உயிரியல்' ஊசிகள் கடுமையான ஆஸ்துமாவுக்கு இன்று கிடைக்கின்றன. விலை அதிகம் என்பதால், பெருக்கத்தின் காரணத்தை உறுதிசெய்த பிறகே அவற்றைத் தொடங்க வேண்டும்.

முதலில் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். ஆய்வகத் தாளில் விழுக்காடு மட்டும் இருந்தால், மொத்த வெள்ளணு எண்ணிக்கையோடு அதைப் பெருக்க வேண்டும்: மைக்ரோலிட்டருக்கு 9,000 வெள்ளணுக்களில் 8 விழுக்காடு என்றால் 720. கடுமையான ஆஸ்துமாவில் 150, 300 ஆகிய எல்லைகளைக் கொண்டே ஊசி பலன் தருமா என்று மருத்துவர்கள் கணிக்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை இந்த எண்ணிக்கையை விரைவில் இறக்கிவிடும் என்பதால், மாத்திரை தொடங்கும் முன் எடுத்த பழைய தாள்களைத் தேடி எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது புழு. இயோசினோபில்கள் புழுக்களை எதிர்க்கும் அணுக்கள் என்பதால், நம் ஊரில் இந்தக் கட்டத்தைத் தாண்டிச் செல்லவே கூடாது. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகளுக்கு நுரையீரல் காட்டும் மிகை எதிர்வினையிலும் இரவு இருமலும் இழைப்பும் வரும். எண்ணிக்கை 3,000-ஐத் தாண்டும். அதை ஆஸ்துமா என்றே நினைத்துவிடுவது எளிது. ஆனால் அதற்கு வேண்டியது பொதுவாக மூன்று வாரம் உண்ணும் டைஎதில்கார்பமசின் மாத்திரைதான். வெறுங்காலோடு மண்ணில் நடக்கும்போது தோல் வழியே நுழையும் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் புழு உடலில் பல்லாண்டு தங்கியிருக்கும். ஸ்டீராய்டு கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே மலப் பரிசோதனையோடு, இந்தப் புழுவுக்கான இரத்தப் பரிசோதனை தேவையா என்றும், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒவ்வாமையைப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

இவை இல்லை என்றான பின்பே எந்தப் புரதத்தைத் தடுப்பது என்ற கேள்வி எழுகிறது. மூச்சுக்குழாயின் உட்சுவர் தூசியாலோ வைரஸாலோ சீண்டப்படும்போது டிஎஸ்எல்பி என்ற புரதத்தை வெளியிடுகிறது. அதைத் தடுப்பது டெசெபெலுமாப். பின்னர் வரும் இன்டர்லூக்கின்-4 என்ற புரதம், ஒவ்வாமையைத் தூண்டும் ஐஜிஇ எதிர்ப்பொருளை உண்டாக்கத் தூண்டுகிறது, இன்டர்லூக்கின்-13 சளியைப் பெருக்குகிறது. இரண்டும் வந்து ஒட்டும் ஏற்பியை (அணுவின் மேலுள்ள ஒட்டிடத்தை) டூபிலுமாப் அடைக்கிறது. இன்டர்லூக்கின்-5 எலும்பு மஜ்ஜையில் இயோசினோபில்களை வளர்க்கிறது. மெபோலிசுமாப் அந்தப் புரதத்தையே பிடிக்கிறது, பென்ராலிசுமாப் இயோசினோபில் மேலுள்ள அதன் ஏற்பியைப் பற்றி அணுவையே அழிக்கிறது. ஐஜிஇயைப் பிடிக்கும் ஓமாலிசுமாப் 2003-லேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அணு குறைந்தால் நோயும் குறையும் என்று எண்ணிவிட வேண்டாம். உணவுக்குழாய் இயோசினோபில் அழற்சியில் பென்ராலிசுமாப் திசுவிலிருந்த அணுக்களைக் குறைத்தும் விழுங்கும் சிரமம் தீரவில்லை. டூபிலுமாப் அணுக்களையும் குறைத்தது, விழுங்கும் சிரமத்தையும் குறைத்தது. இலக்கைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்கு உணர்த்திய செய்தி இதுவே.

ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் ஃபிரீசருக்கு நேர் கீழே வைத்தால் உறைந்து கெட்டுவிடலாம், நடுத்தட்டே நல்லது. மருந்துக் கடையிலிருந்து கொண்டுவரும்போது ஐஸ் பொட்டலம் அட்டைப்பெட்டியில் நேரே படாதபடி இடையில் செய்தித்தாளை மடித்து வையுங்கள். டூபிலுமாபை 25 டிகிரிக்கு உட்பட்டு 14 நாள் வரை வெளியே வைக்கலாம் என்பது மே மாதச் சென்னை வீட்டுக்குப் பொருந்தாது.

ஊசி தொடங்கியதும் இன்ஹேலரை நிறுத்திவிடாதீர்கள். தொடர்ந்து உண்டுவந்த ஸ்டீராய்டு மாத்திரையையும் மருத்துவர் சொல்லும் படிகளில்தான் குறைக்க வேண்டும். திடீர் மூச்சுத்திணறலுக்கு இந்த ஊசி உதவாது. உடனடி நிவாரண இன்ஹேலரும் 108-ம்தான் உதவும். இரவில் விழித்த நாட்கள், ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்ட தடவைகள், மருத்துவமனைக்கு ஓடிய நாட்கள் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். நான்கு மாதம் கழித்து அந்த நோட்டை மருத்துவர் முன் விரித்து, இதே ஊசியைத் தொடர்வதா, வேறு புரதத்துக்கு மாறுவதா என்று கேளுங்கள்.