லிட்டில் சைகோன் பத்திரிகையாளர் கொலைகள்: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1981-க்கும் 1990-க்கும் நடுவே அமெரிக்காவில் வியட்நாமிய மொழிப் பத்திரிகைகளில் வேலை பார்த்த ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். சான் பிரான்சிஸ்கோ, ஹூஸ்டன், கலிபோர்னியாவின் கார்டன் குரோவ், அப்புறம் வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியா புறநகர்ப் பகுதி. வியட்நாமிய அகதிகள் கூடி வாழும் இப்படிப்பட்ட இடங்களைத்தான் 'லிட்டில் சைகோன்' என்கிறார்கள். ஒரு கொலைக்கும் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. விடை தெரியாத வழக்கு என்பதால் ஆளாளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். அதில் சில தவறுகள் மட்டும் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதல் தவறு, செத்தவர்கள் எல்லாரும் கம்யூனிஸ்ட் ஆதரவாளர்கள் என்று நினைப்பது. ஹனோயில் இருந்த கம்யூனிஸ்ட் அரசின் பக்கம் வெளிப்படையாகச் சாய்ந்திருந்தவர் டுவோங் ட்ரோங் லாம் ஒருவர்தான். வியட்நாம் போர் முடியும் முன்பே மாணவராக அமெரிக்கா வந்தவர். சான் பிரான்சிஸ்கோவில் சின்னதாக ஒரு பத்திரிகை நடத்தினார். 1981 ஜூலையில் சுடப்பட்டபோது வயது 27.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் ஹூஸ்டனில் தன் வீட்டு வாசலிலேயே கொல்லப்பட்ட நுயென் டாம் ஃபோங் கம்யூனிச எதிர்ப்பாளர். அவர் கைவைத்தது வேறு இடத்தில். தென் வியட்நாமின் முன்னாள் கடற்படைத் தளபதிகளில் ஒருவரான ஹோவாங் கோ மின் தலைமையில், வியட்நாமைக் கம்யூனிஸ்டுகளிடமிருந்து மீட்கப் போகிறோம் என்று 'முன்னணி' என்ற அமைப்பு அப்போது நிதி திரட்டிக்கொண்டிருந்தது. தாய்லாந்து எல்லையில் படை தயாராகிறது என்றார்கள். ஃபோங் தாய்லாந்துக்கே போய் விசாரித்தார். திரும்பி வந்து, சொல்வதற்கும் அங்கே இருப்பதற்கும் சம்பந்தமில்லை என்ற தொனியில் தன் 'து யோ' பத்திரிகையில் எழுதினார். மிரட்டல் வந்தது. அவர் நிறுத்தவில்லை.

வர்ஜீனியாவில் 1989 நவம்பரில் ஒரு பத்திரிகையின் பக்க வடிவமைப்பாளரும், 1990 செப்டம்பரில் அதே பத்திரிகையின் பத்தி எழுத்தாளர் லே ட்ரியெட்டும் கொல்லப்பட்டார்கள். ட்ரியெட்டின் மனைவியும் அவரோடு சுடப்பட்டார். அந்தப் பத்திரிகை கடுமையான கம்யூனிச எதிர்ப்புப் பத்திரிகை. ட்ரியெட் யாரையும் விட்டுவைக்காத காரசாரமான பேனாக்காரர், முன்னணியையும் சேர்த்துத்தான். ஆக, இதை இடதுக்கும் வலதுக்கும் நடந்த சண்டையாகச் சுருக்கினால் கணக்கு உதைக்கிறது. 1975-இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் விழுந்தபின் நாட்டை இழந்து வந்தவர்கள், உறவுகளைப் புதிய அரசின் 'மறுகல்வி' சிறை முகாம்களில் விட்டுவிட்டு வந்தவர்கள் இந்த அகதிகள். அவர்களிடையே 'கம்யூனிஸ்ட்' என்று ஒருவரைச் சொல்லிவிட்டாலே போதும். பணத்துக்குக் கணக்குக் கேட்டவரையும் அந்த ஒரே சொல்லால் ஒதுக்கிவிடலாம்.

விளம்பரங்கள் விஷயத்தையும் பலர் கவனிப்பதில்லை. 1987 ஆகஸ்டில் கார்டன் குரோவ் அலுவலகத்தில் வைக்கப்பட்ட தீயில் இறந்த ஃபாம் வான் டாப் பெரிய அரசியல் கட்டுரை எழுதி மாட்டிக்கொள்ளவில்லை. வியட்நாமில் உள்ள சொந்தங்களுக்குப் பணம் அனுப்பும் நிறுவனங்களின் விளம்பரத்தை அவருடைய 'மாய்' இதழ் வெளியிட்டது. வியட்நாம் மீது அமெரிக்காவின் வர்த்தகத் தடை 1994 வரை நீடித்த காலம் அது. ஊருக்குப் பணம் அனுப்புவதே துரோகம் என்று ஒரு கூட்டம் நினைத்தது. அகதிகளின் பத்திரிகை கடைக்காரர்களின் விளம்பரத்தில் ஓடுவது. ஆசிரியரை மடக்க அந்த இடத்தைத் தொட்டால் போதும் என்பது மிரட்டுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மூன்றாவது, 'கொலையைச் செய்தது நாங்கள்தான்' என்று வந்த கடிதத்தை அப்படியே நம்புவது. கம்யூனிஸ்டுகளை ஒழித்து நாட்டை மீட்கும் அமைப்பு என்ற பெயரில் கடிதங்கள் வந்தன. இது முன்னணியின் முகமூடிதான் என்று புலனாய்வு அதிகாரிகள் சிலர் சந்தேகித்தார்கள். 2015-இல் ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனமும் ஃப்ரன்ட்லைன் என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி ஆவணப்படத் தொடரும் சேர்ந்து வெளியிட்ட விசாரணையில், முன்னணிக்குள் 'கே-9' என்ற கொலைப்பிரிவு இருந்ததாக முன்னாள் உறுப்பினர்கள் ஐந்து பேர் சொன்னார்கள். முன்னணியின் வழிவந்த வியெட் டான் கட்சி இதை மறுக்கிறது. சந்தேகம் வலுவானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட்டது என்று எழுதினால் அது பொய்.

'அந்தச் சமூகமே வாயை மூடிக்கொண்டது' என்று பழி போடுவதும் தவறுதான். ஆங்கிலம் சரளமாக வராத மக்கள், வியட்நாமிய மொழி தெரியாத போலீஸ், கொலைக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு விசாரணை. இந்த நிலையில் யார் சாட்சி சொல்ல முன்வருவார்கள்? எஃப்பிஐ இந்த வழக்குகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது 1990-களின் நடுவில்தான். அதற்குள் தடயங்கள் ஆறிப்போயிருந்தன.

மறியலையும் கொலையையும் ஒரே பையில் போடவும் கூடாது. 2008-இல் 'நுயோய் வியெட்' நாளிதழ் ஒரு படம் வெளியிட்டது. கால் கழுவும் தொட்டியில் பழைய தென் வியட்நாம் கொடியின் நிறங்கள். மனம் புண்பட்டவர்கள் அலுவலகத்துக்கு முன்னால் வாரக்கணக்கில் நின்றார்கள், ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கொடி பிடித்து நிற்பது அவர்கள் உரிமை. அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பேசினால் 1980-களில் நடந்ததன் கனம் குறைந்துவிடும்.

கடைசியாக ஒன்று. வியட்நாம் அரசு 2016-இல் வியெட் டானைப் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. அதை எடுத்துக்காட்டி, பார்த்தீர்களா, ஹனோய் சொன்னது சரிதான் என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அகதியாகத் தப்பி வந்த பத்திரிகையாளரை மிரட்டுவதில் அந்த அரசுக்கும் பங்கு உண்டு. அமெரிக்க அரசின் நிதியில் இயங்கிய ரேடியோ ஃப்ரீ ஏசியாவுக்கு எழுதிவந்த வியட்நாமியர் ட்ருவோங் யுய் நியெட் 2019 ஜனவரியில் பாங்காக்கில் ஐ.நா. அகதிகள் அலுவலகத்தில் புகலிடம் கேட்டு விண்ணப்பித்தார். அதற்கு மறுநாள் பாங்காக் பகுதியிலேயே காணாமல் போனார். பிறகு ஹனோய் சிறையில் இருப்பது தெரியவந்தது. 2020-இல் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தார்கள்.