பிஇஐ துகள் செல்லுக்குள்ள போச்சு, ஜீன் மட்டும் வேலை செய்யலயா? எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

பிஇஐங்குறது (பாலிஎத்திலீனிமைன்) டிஎன்ஏவக் கட்டி செல்லுக்குள்ள கொண்டு போற பாலிமர். கலர் ஒட்டுன டிஎன்ஏ செல்லுக்குள்ள பளிச்சுன்னு தெரியுது, மறுநாள் ஜிஎஃப்பி (ஜீன் வேலை செஞ்சா வர்ற பச்சையா ஒளிரும் புரதம்) மட்டும் வரவே மாட்டேங்குது. நானும் ரெண்டு வாரம் பிளாஸ்மிட் (ஜீன் இருக்குற டிஎன்ஏ வளையம்) மேல பழியப் போட்டு திரும்பத் திரும்ப பிரெப் பண்ணிட்டு இருந்தேன், மாட்டுனது எண்டோசோம்ல. செல் துகளை எண்டோசோம்ங்குற ஒரு சவ்வுப் பையில சுருட்டித்தான் உள்ள இழுக்கும், அந்தப் பைக்குள்ள புரோட்டானை பம்ப் பண்ணிப் பண்ணி பிஎச்ச 6, 5ன்னு இறக்கிட்டே போயி கடைசில லைசோசோம்ல (செல்லோட செரிமானப் பை) டிஎன்ஏவ நறுக்கிடும், அதுக்குள்ள துகள் பைய ஓட்டை போட்டு வெளிய வந்தாகணும்.

முதல்ல கணக்கு. 1 மைக்ரோகிராம் டிஎன்ஏல சுமார் 3 நானோமோல் பாஸ்பேட், பிஇஐல 43 டால்டனுக்கு ஒரு நைட்ரஜன், அப்போ என்/பி (பிஇஐ நைட்ரஜனுக்கும் டிஎன்ஏ பாஸ்பேட்டுக்கும் உள்ள விகிதம்) 10 வேணும்னா 1.3 மைக்ரோகிராம் பிஇஐ. டிஎன்ஏவக் கட்ட என்/பி 3 கிட்டயே போதும், மிச்ச பிஇஐ சும்மா மிதக்கும். அது வேஸ்ட்னு வடிகட்டிடாதீங்க, வெளிய வர்றதுக்கு அதுவும் உதவுது, ஆனா செல்லக் கொல்றதும் அதேதான்.

அடுத்து கால்சீன், பச்சையா ஒளிரும் ஒரு சாயம். இது தானா சவ்வு தாண்டாது, அதனால துகளோட சேத்து மீடியத்துல போட்டா செல் அதையும் விழுங்கிடும். சில மணி நேரம் கழிச்சு நல்லா வாஷ் பண்ணிட்டு மைக்ரோஸ்கோப்ல பாருங்க: கடுகு தூவுன மாதிரி பச்சைப் புள்ளியாவே இருந்தா பை உடையல, செல் பூரா மங்கலா பச்சை பரவியிருந்தா உடைஞ்சிருக்கு. துகள் போடாம கால்சீன் மட்டும் போட்ட கிணறு (செல் வளர்க்குற தட்டுல ஒரு குழி) ஒண்ணு கட்டாயம் வைங்க, செத்த செல்லும் இப்படித்தான் பச்சையா தெரியும்.

அப்புறம் பேஃபிலோமைசின், 200 நானோமோலார். இது அந்த புரோட்டான் பம்ப்பையே நிறுத்திடும். போட்டதும் ஜிஎஃப்பி படுத்துருச்சுன்னா உங்க துகள் அமிலத்த நம்பித்தான் தப்பிக்குதுன்னு அர்த்தம். ஆனா இத வச்சு "புரோட்டான் ஸ்பான்ஜ் நிரூபணம்"னு போஸ்டர்ல எழுதாதீங்க. பிஇஐ புரோட்டானை உறிஞ்சும், கூடவே குளோரைடும் தண்ணியும் உள்ள வந்து பை வீங்கி வெடிக்கும்ங்குறது அந்தக் கதை, 2013ல அளந்தவங்க பிஇஐ போட்டும் லைசோசோம் பிஎச் மாறலன்னு காட்டிட்டாங்க, சண்டை இன்னும் ஓடுது.

கடைசியா குளோரோகுயின், 100 மைக்ரோமோலார். துகள் பைய விட்டு வெளிய வர இந்த மருந்து உதவும். பாலிலைசின்ங்குற இன்னொரு பாலிமருக்கு இது போட்டா ஜிஎஃப்பி எகிறும், பிஇஐக்கு பெருசா ஏறாது, ஏன்னா அது ஏற்கனவே தானா வெளிய வரத் தெரிஞ்சது. உங்க புது பாலிமருக்கு எகிறுச்சுன்னா மாட்டுறது பைக்குள்ளதான். நாலு மணி நேரத்துல மீடியம் மாத்திடுங்க, ராத்திரி பூரா விட்டுட்டுப் போனா காலையில செல் எல்லாம் மிதந்துட்டு இருக்கும்.