சிட்னியிலிருந்து பெர்த்: உள்நாட்டுப் பயணம்தானே என்று இருந்துவிடாதீர்கள்

சிட்னிக்கு வந்து பெட்டியைக்கூட முழுதாகப் பிரித்திருக்க மாட்டீர்கள், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் இருக்கும் பெர்த்திலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரும். காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சென்னை–மதுரை பழக்கம்!

வான்வழியில் சுமார் 3,300 கிலோமீட்டர். சென்னையிலிருந்து சிங்கப்பூரே ஏறக்குறைய 2,900தான். பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

போக 5 மணி நேரம், வர 4 மணி நேரம் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று வீசுகிறது. போகும்போது அதை எதிர்த்துப் போக வேண்டும், வரும்போது அதுவே தள்ளிவிடும்.

குழப்புவது கடிகாரம்தான். பெர்த் நேரம் சிட்னிக்கு 2 மணி நேரம் பின்னால். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். பெர்த்தில் அந்த வழக்கமே இல்லை. அதனால் அந்த மாதங்களில் வித்தியாசம் 3 மணி. டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். ஜனவரியில் காலை 10 மணிக்குக் கிளம்பினால் பகல் 12 மணிக்குப் பெர்த் என்று போட்டிருக்கும். இரண்டே மணி நேரமா என்று சந்தோஷப்படாதீர்கள். திரும்பும்போது பெர்த்தில் காலை 10 மணிக்கு ஏறினால் சிட்னியில் மாலை 5.

இன்னொன்று, சிட்னி விமான நிலையத்தில் இரவு 11 முதல் காலை 6 வரை ஊரடங்கு. பயணிகள் விமானங்கள் பொதுவாக இறங்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: அந்த 3 மணி நேர வித்தியாச மாதங்களில் பெர்த்தில் மாலை 4 மணி வாக்கில் கிளம்பாவிட்டால் அன்றைக்கு வீடு திரும்ப முடியாது. எனக்கு நேர்முகத் தேர்வு மதியம் 2 மணிக்கு. அப்புறம் என்ன, நள்ளிரவு விமானம்தான். நான்கு மணி நேரம் உட்கார்ந்தபடி அரைத் தூக்கம், இறங்கினால் பளீரென்று விடிந்திருந்தது. முடிந்தால் காலை நேரமாகக் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு ராத்திரி தங்கிவிடுங்கள்.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று நண்பர் வீட்டுக்கு மாம்பழம் எடுத்துப் போயிருந்தேன். பெர்த்தில் இறங்கியதும் அது தொட்டிக்குப் போய்விட்டது. பூச்சியும் பயிர்நோயும் வராமலிருக்க, மற்ற மாநிலங்களிலிருந்து வரும் பழம், காய்கறி, விதை, தேன் எல்லாவற்றிலும் மேற்கு ஆஸ்திரேலியா கடுமையாக இருக்கும். கறிவேப்பிலைக் கொத்தையும் விட்டுவிட்டுப் போங்கள். முறுக்குக்குத் தடையில்லை.

காரில் போகலாமே என்பவர்களுக்கு: கிட்டத்தட்ட 4,000 கிலோமீட்டர். வழியில் 146 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லாத சாலை வரும். இந்தியன் பசிபிக் ரயிலில் 4,352 கிலோமீட்டர், மூன்று இரவுகள். அது சுற்றுலாவுக்கு, கட்டணமும் அப்படித்தான்.

வேலை கிடைத்துப் பெர்த்துக்கே குடிபோனால் ஒரு லாபம் உண்டு. அங்கிருந்து சிங்கப்பூர் ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், அதாவது சிட்னிக்கு வந்துபோகிற அலைச்சல்தான். ஊரில் அம்மா மாலை 6.30-க்கு விளக்கேற்றிவிட்டுப் பேச உட்காரும்போது பெர்த்தில் இரவு 9 மணி. சிட்னியில், ஜனவரி மாதமென்றால், நள்ளிரவு 12.